மூன்றாமிடம் எத்தனையாவது ஆள்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கணினி அறிவியல் எடுக்கும் ஆசிரியர்கள் அணிக்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. 2023 பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் 97.67 சதவீதத்தோடு பெரம்பலூர் முதலிடம். அடுத்து சிவகங்கை, 97.53. மறு ஆண்டு 97.31 எடுத்து அரியலூர் முந்தியது. 38 மாவட்டங்களின் விகிதங்களைக் கொடுத்து மூன்றாவது பெரிய மதிப்பைக் கேட்டால், மாணவர்கள் இறங்குவரிசையில் அடுக்கி மூன்றாவது உறுப்பை எடுத்து நீட்டிவிடுவார்கள். விடையும் சரியாகவே வரும். இரண்டு தசமம் வரை போகும் எண்களில், அதுவும் முதல் சில இடங்களில், ஒரே மதிப்பு இருமுறை வருவது அபூர்வம். தப்பான நிரல் தேறிவிடுவது அதனால்தான்.

அதே நிரலை 2015 பத்தாம் வகுப்பு மதிப்பெண்களில் ஓட்டிப் பாருங்கள். அந்த ஆண்டு 499 எடுத்து மாநில முதலிடம் பிடித்தவர்கள் 41 பேர்; 498க்கு 192 பேர், 497க்கு 540 பேர். (தமிழை முதற்பாடமாக எடுத்தவர்கள் மட்டும். வடிகட்டிய பிறகே தரவரிசை.) வரிசையின் மூன்றாவது உறுப்பு 499. அறிவிக்கப்பட்ட மூன்றாமிடமோ 497. அது தொடங்குவது 234ஆவது உறுப்பில். எஸ்க்யூஎல்லில் ரேங்க் 234 என்னும், டென்ஸ் ரேங்க் 3 என்னும். 2017இல் அரசு இந்த அறிவிப்பையே நிறுத்திவிட்டது. பொறியியல் கலந்தாய்வில் கதை நேர்மாறு: கட்ஆஃப் சமமானால் கணிதம், இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில் சமவாய்ப்பு எண் வரை இறங்கி ஆளைப் பிரித்தே தீருவார்கள்.

லட்சக்கணக்கான மதிப்பெண்களை அடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. 0 முதல் 500 வரை 501 கட்டங்கள் போதும். ஒரே சுற்றில் எண்ணிக்கையை நிரப்பிவிட்டு, மேலிருந்து இறங்கி, காலியில்லாத மூன்றாவது கட்டத்தில் நில்லுங்கள். சதவீதம் என்றால் மூன்று மாறிகள் வைத்துக்கொள்ளலாம். வரும் எண் அவற்றில் ஒன்றுக்குச் சமமானால் தள்ளிவிட வேண்டும். சமமா என்று பார்க்குமுன் எத்தனை தசமம் வரை என்பதை முடிவு செய்தாக வேண்டும்.

மாறிகளுக்குத் தொடக்க மதிப்பாக 0 போடும் பழக்கம் நம் ஆய்வகங்களை விட்டுப் போவதாக இல்லை. 72, 65 என்று இரண்டே மதிப்பெண்கள் விழுந்த வகுப்பில் மூன்றாவது மதிப்பு கிடையாது. நிரல் 0 என்று காட்டினால் யாரோ பூஜ்யம் வாங்கியதாக அர்த்தமாகிவிடும். 'இல்லை' என்று சொல்லத் தெரிய வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்கு வினா அமைப்பவர்கள் மாவட்டப் பட்டியலையே தாராளமாகக் கொடுங்கள். கூடவே 499, 499, 499, 498, 497 என்று ஒரு உள்ளீடும், 72, 72, 65 என்று இன்னொன்றும் வையுங்கள்.