நாற்காலியா, பாரந்தூக்கியா?

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாக மேற்கே போகும் வழியின் கோடியில் இருக்கிறது கிளாவரை. உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் படிவயல்கள், சரிவில் அமைந்த ஊர். முழங்கால் தேய்ந்த முதியவருக்கு அங்கே தொலைவு மைல்கணக்கில் இல்லை, படிக்கணக்கில். சுங்கத் தீர்வை அட்டவணையைப் பற்றிப் பேச இந்த ஊரிலிருந்து தொடங்குவது விசித்திரமாகத் தோன்றலாம். படியேற இயலாதவரை ஏற்றிச் செல்லும் இயந்திரம் எத்தகைய பொருள் என்ற கேள்வி துறைமுகத்துக்கு உரியது மட்டுமல்ல என்பதே நம் எண்ணம்.

மாடிப்படியோரம் தண்டவாளம் பதித்து, அதன்மேல் ஓர் இருக்கை மெல்ல ஏறி இறங்கும் படிக்கட்டு லிஃப்டைச் சொல்கிறோம். வீட்டுக்கென அதை இறக்குமதி செய்பவர் முதலில் ஓர் எண்ணைத் தேர்ந்தாக வேண்டும். 8713 மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிகளுக்கு உரியது. சக்கர நாற்காலி அதில் அடங்கும். நம் இருக்கையோ தண்டவாளத்தை விட்டு ஓரடியும் நகராது. 9021 உடற்குறையை ஈடுசெய்யும் கருவிகளை ஏற்கிறது. ஆனால் அவை உடலில் அணியப்படவோ, சுமக்கப்படவோ, உள்ளே பொருத்தப்படவோ வேண்டும். இதுவோ மனிதரைச் சுமப்பது! ஆக, எஞ்சுவது 8428: லிஃப்ட், நகரும் படிக்கட்டு, கன்வேயர், ரோப்கார் என்று தூக்கும் இயந்திரங்களின் கூட்டுக் குடும்பம்.

அந்தக் குடும்பத்தை நாம் அறிவோம். பழனியில் ஏறத்தாழ 700 படிகளை ஏற இயலாதவர்களுக்காக 1966இல் விஞ்சும் 2004இல் ரோப்காரும் வந்தன. தண்டவாளத்தில் சரிவேறும் அந்த விஞ்சு, நம் வீட்டு இருக்கைக்குப் பெரியப்பா முறை. அதில் ஏறும் பாட்டியை யாரும் சரக்கென்று எண்ணியதில்லை.

எண் மாறினால் வரியும் மாறுகிறது. சக்கர நாற்காலிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 8428இன் லிஃப்டுக்கு 18. சுங்கத் தீர்வையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், இரண்டு லட்சம் ரூபாய் மதிப்புள்ள கருவிக்கு வித்தியாசம் 26,000 ரூபாய். அந்த 5 சதவீதத்தையே 2017இல் மாற்றுத்திறனாளி அமைப்புகள் எதிர்த்தன என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

சுங்க அதிகாரியை நாம் குறை சொல்லவில்லை. தலைப்பின் சொற்களும் பிரிவுக் குறிப்புகளுமே வகைப்பாட்டைத் தீர்மானிக்கும் என்பது முதல் விதி. பொருள் எப்படி இயங்குகிறது என்று அட்டவணை கேட்கிறது. அது யாருக்காக என்று கேட்கவேண்டியது வரிவிலக்கு. 1976ஆம் ஆண்டின் நைரோபி நெறிமுறை இந்த இரண்டாவது கேள்வியைத்தான் எழுப்பியது. அதன் வழியில் அமெரிக்கா 9817.00.96 என்று தனி எண்ணே வைத்து, உடற்குறை உள்ளோருக்கெனச் சிறப்பாக வடிவமைத்த பொருள்களைத் தீர்வையின்றி அனுமதிக்கிறது. பிரிட்டனில் 2007 முதல் 60 வயது கடந்தவரின் வீட்டில் படிக்கட்டு லிஃப்ட் பொருத்த மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம்தான்.

செல்வந்தரின் மாளிகைக்குச் சலுகையா என்று கேட்பவர் உண்டு. சக்கர நாற்காலி வாங்குபவரிடம் நாம் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லையே. மேலும், 8428 என்ற எண்ணைத் தொடவே தேவையில்லை. உதவிக் கருவிகளுக்கென ஜிஎஸ்டியில் ஒரு சலுகைப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. படிக்கட்டு லிஃப்டின் பெயரும் அதில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சலுகை வாங்குபவருக்கு நடைமுறையில் கிடைப்பதை உறுதிசெய்தால் போதும்.