மூன்றடி உயரத்துக் காற்று

காசு கொடுத்து வாங்கும் கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பூச்சி இருக்கிறதா என்று சோதிக்கிறோம். ஓசியில் கிடைக்கிற காற்றை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் உள்ளே இழுக்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு ஆள் இழுப்பது ஏறக்குறைய பத்தாயிரம் லிட்டர். ஒரு தண்ணீர் லாரி நிறைய!

எங்கள் தெரு நலச் சங்கத்தில் போன மாதம் 'காற்றும் குழந்தைகளும்' என்று ஒரு கூட்டம் போட்டோம். நான் அதில் துணைச் செயலாளர் (நாற்காலி எடுத்துப் போடுகிறவர் என்று அர்த்தம்). வந்தவர்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் சமோசாவுக்கு. பேச வந்த குழந்தைகள் டாக்டர் அம்மா அசரவில்லை. எடுத்த எடுப்பில் கேள்வி.

"உங்க பைக் சைலன்ஸர் தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்?"

"ஒண்ணரை அடி இருக்கும் மேடம்."

"யு.கே.ஜி. படிக்கிற பையனோட மூக்கு?"

"மூணடி."

"உங்க மூக்கு?"

சமோசா கோஷ்டி மெல்லுவதை நிறுத்தியது.

பள்ளிக்கூட வாசலில் இருபது பைக், பத்து ஆட்டோ, நாலு வேன் எல்லாம் இன்ஜின் ஓட நிற்கின்றன. அப்பாக்கள் அஞ்சரை அடி உயரத்தில் அரசியல் பேசுகிறார்கள். பிள்ளைகள் மூன்றடி உயரத்தில் புகையை முதல் ஆளாக வாங்கிக்கொள்கிறார்கள். நாம் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை மூச்சு விட்டால், நாலு வயதுக் குழந்தை இருபத்தைந்து தடவை விடும். அதன் நுரையீரல் இன்னும் வளர்ந்து முடியவில்லை. புகையில் உள்ள நுண்துகளோ தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குதான். மூக்கு முடி, சளி எல்லாவற்றையும் ஏமாற்றிவிட்டு நேரே அடிவரைக்கும் போய்விடும்.

"நாங்கள்லாம் இந்தப் புகையிலதானே மேடம் வளர்ந்தோம்? நல்லாத்தானே இருக்கோம்?" என்றார் ஒரு ரிடையர்டு சார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமினார்.

டாக்டர் அவருக்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. லண்டனில் பெரிய சாலை ஒன்றின் பக்கத்தில் குடியிருந்த எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமியைப் பற்றிச் சொன்னார். கடுமையான ஆஸ்துமா. மூன்று வருஷத்தில் கிட்டத்தட்ட முப்பது தடவை ஆஸ்பத்திரி. 2013-ல், ஒன்பது வயதில் இறந்துபோனாள். அவள் அம்மா விடாமல் போராடினார். 2020-ல் மரண விசாரணை அதிகாரி, சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல் தடவை. காற்றைப் பற்றி அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்க முடியும் என்பதையும் அவர் குறிப்பிட்டார்.

யாரும் சொல்லவில்லை. நாற்காலி தூக்கியதெல்லாம் வீணில்லை என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

நல்ல சேதியும் உண்டு. தெற்கு கலிஃபோர்னியாவில் குழந்தைகளைப் பல வருஷம் தொடர்ந்து சோதித்தார்கள். காற்று சுத்தமாக ஆக, அவர்களின் நுரையீரல் வளர்ச்சியும் கூடியிருந்தது. 2015-ல் வந்த முடிவு இது. ஆக, தலையெழுத்து என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

நம் பங்குக்கு என்ன செய்யலாம்? தெருக்கோடியில் குப்பையையும் சருகையும் கொளுத்துகிறவரிடம் அன்பாக ஒரு வார்த்தை. போகிக்குப் பழைய பாய் சரி என்றாலும் டயர் வேண்டவே வேண்டாம் (2018 போகிப் புகையில் சென்னை வந்த விமானங்களே இறங்க முடியாமல் திரும்பிப் போயின). குழந்தை தூங்கும் அறையைச் சாத்திவிட்டுக் கொசுவத்திச் சுருள் ஏற்றக் கூடாது, கொசுவலை கட்டலாம். வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால், காற்றுத் தரக் குறியீட்டைக் காலையில் செல்போனில் ஒரு பார்வை. எண் எகிறியிருந்தால் அன்றைக்கு ஓடி விளையாடுவது வீட்டுக்குள்.

எல்லாவற்றையும்விடச் சுலபமானது ஒன்று உண்டு. பள்ளிக்கூட வாசலில் பைக்கை நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடுங்கள். அரை விநாடி வேலை. அரசியலைத் தாராளமாகத் தொடரலாம். அதற்கு இன்ஜின் ஓட வேண்டியதில்லை. பெட்ரோலும் மிச்சம்.