54 ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

நம் சமுதாய மேடைகளில் ஒரு பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. முஸ்லிம்களின் நாட்டுப்பற்றை யாரேனும் ஐயுற்றுப் பேசிவிட்டால் போதும். மறுவாரமே கூட்டம் கூட்டப்படும். ஹவில்தார் அப்துல் ஹமீதை மறந்துவிட்டார்களா என்று சொற்பொழிவாளர் முழங்குவார். கைதட்டல் வானைப் பிளக்கும். கூட்டம் கலையும். அடுத்த ஐயம் எழும்வரை அந்தப் பெயர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்படும்.

உயிரை ஈந்த ஒருவரின் பெயரைச் சான்றிதழாக நீட்டும் இந்த வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அவருடைய வீரத்தில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. உத்தரப்பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூர் எனும் சிற்றூரில், தையற்காரர் ஒருவரின் மகனாக 1933இல் பிறந்தவர். கிரனேடியர்ஸ் படைப்பிரிவின் 4ஆம் பட்டாளத்தில் பணியாற்றியவர். 1965 செப்டம்பர் 10ஆம் நாள், பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், ஜீப் வண்டியில் பொருத்திய பீரங்கியைக் கொண்டு பகைவரின் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தகர்த்து, அக்களத்திலேயே உயிர் நீத்தவர். நாட்டின் தலையாய வீர விருதான பரம் வீர் சக்கரம் இதுவரை 21 பேருக்கே வழங்கப்பட்டுள்ளது. அவர்களுள் அவரும் ஒருவர். இவையெல்லாம் நம் மேடையினருக்கு மனப்பாடம்.

நாம் கேட்பது வேறொரு கேள்வி. அந்த வீரரின் மனைவியின் பெயர் என்ன? அதைத் தயங்காமல் சொல்லக்கூடியவர் நம் மேடைகளில் எத்தனை பேர்?

அவர் பெயர் ரசூலன் பீவி. கணவர் களத்தில் வீழ்ந்தபோது அவர் கையில் எஞ்சியவர்கள் நான்கு ஆண்மக்களும் ஒரு மகளும். 1966 ஜனவரி 26ஆம் நாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணனின் கரத்திலிருந்து அவரே அந்தப் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். கணக்கிட்டுப் பாருங்கள்: நான்கு மாதம் பத்து நாள் என்னும் இத்தாக் காலம் முடிந்து ஏறத்தாழப் பத்து நாளே ஆகியிருந்த வேளை அது. தலைநகரின் அணிவகுப்பு ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது. அதன்பின் அவர் வாழ்ந்தது 2019 ஆகஸ்ட் 2ஆம் நாள்வரை. கணவரை இழந்தபின் அவர் கடந்துவந்த வாழ்வு ஏறத்தாழ 54 ஆண்டுகள்!

போர் நடந்தது சில நாட்கள். அந்நாட்களைப் பற்றி நூல்கள் உண்டு. பாடப் பகுதிகள் உண்டு. 2000இல் வெளியான அஞ்சல் தலையும் உண்டு. 54 ஆண்டுகளைப் பற்றி என்ன உண்டு? ஐந்து பிள்ளைகளுக்குத் தாயாகவும் தந்தையாகவும் நின்ற அந்த நீண்ட போரைப் பற்றி நாம் எழுதிய வரிகள் எத்தனை?

அரசு ஓய்வூதியம் கொடுத்தது, பதக்கம் கொடுத்தது. இனி என்ன குறை என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு நம் விடை இது. ஓய்வூதியம் சிந்திய குருதிக்கான உரிமை; அது யாரும் இட்ட பிச்சையன்று. அவ்வுரிமையும் போதுமானதாக இருந்திருந்தால், 2008ஆம் ஆண்டு, கணவர் மறைந்து 43 ஆண்டுகளுக்குப் பின்னும், முதுமையெய்திய அம்மாது லக்னோவில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலைச் சந்தித்து ஏன் கோரிக்கை வைத்தார்? ஊரில் படைக்கு ஆள் சேர்க்கும் நிலையம் வேண்டும். கணவர் வாழ்ந்த இல்லம் நினைவகமாக வேண்டும். அவர் மறைந்த நாள் தேசிய அளவில் நினைவுகூரப்பட வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க உதவ வேண்டும். இவையே அவர் கேட்டவை. தரைப்படைத் தலைவராக இருந்த பிபின் ராவத் நினைவு நாளில் தாமுப்பூருக்கு நேரில் வந்தது 2017 செப்டம்பரில். அதற்குள் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

சட்டத்தின் போக்கையும் சற்று நோக்குவோம். வீர விருதோடு வழங்கப்படும் உதவித்தொகை, விருதாளரின் மனைவி மறுமணம் செய்தால் நின்றுவிடும் என்பது நெடுங்காலம் இருந்த விதி. அதற்கு ஒரு விலக்கும் இருந்தது: இறந்த கணவரின் உடன்பிறந்தாரை மணந்தால் தொகை தொடரும்! 2017 நவம்பரில்தான் இந்த நிபந்தனை நீக்கப்பட்டது. ஒரு பெண் யாரை மணக்கிறாள் என்பதைப் பார்த்து அவளுடைய உரிமையை அளந்த விதி இது. கொழுந்தனை மணப்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. மனம் ஒப்பி மணந்தால் அது நன்றே. உதவித்தொகையைத் தூண்டிலாக்கி ஒப்புதலைப் பெறுவதுதான் அநீதி.

அறியாமைக் கால அரபகத்தில், கணவன் இறந்தால் அவன் உறவினர் அவன் மனைவியையும் சொத்தோடு சொத்தாக உரிமை கொண்டாடினர். திருமறையின் 4ஆம் அத்தியாயம் 19ஆம் வசனம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்த மறையை ஓதும் நாமேனும் அதனை நிலைநாட்டியிருக்கிறோமா? மறுமணம் செய்ய விழையும் இளங்கைம்பெண்ணைப் பார்த்து, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போ என்று மிரட்டும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? மௌத்தான கணவனின் மானத்தை அவள் காக்க வேண்டுமாம்! மூத்தா களத்தில் ஹிஜ்ரி 8இல் ஷஹீதான ஜஅஃபர் (ரலி) அவர்களின் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரலி), பின்னர் அபூபக்கர் (ரலி) அவர்களையும், அவர்களுக்குப்பின் அலீ (ரலி) அவர்களையும் மணந்தார்கள். அதனால் ஜஅஃபர் (ரலி) அவர்களின் மானம் குறைந்துவிட்டதா? ஸஹாபாக்களுக்கு இல்லாத மானம் நமக்கு எங்கிருந்து வந்தது?

அதே ஜஅஃபர் (ரலி) அவர்களின் மரணச் செய்தி வந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் செய்ததென்ன? பிள்ளைகளை அழைத்து அணைத்துக்கொண்டார்கள். அக்குடும்பத்தினருக்கு உணவு சமைத்து அளிக்குமாறு பிறரைப் பணித்தார்கள். நாமோ தலைகீழாக்கிவிட்டோம். மௌத்தான வீட்டில் கைம்பெண்ணின் செலவிலேயே ஊருக்கு விருந்து நடக்கிறது!

இன்னொன்றையும் நினைவூட்டுவோம். உஹதுக் களத்தில் ஸஅது இப்னு ரபீஃ (ரலி) ஷஹீதானார்கள். அவருடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அவருடைய மனைவி இரண்டு பெண்மக்களோடு அண்ணலாரின் சமுகத்துக்கு வந்து முறையிட்டார். பொருளின்றி இப்பெண்களை யார் மணப்பார் என்பது அவருடைய கவலை. வாரிசுரிமை வசனம் இறங்கிற்று. பெண்மக்களுக்கு மூன்றில் இரு பங்கு, தாய்க்கு எட்டில் ஒரு பங்கு, எஞ்சியதே சகோதரருக்கு என்று தீர்ப்பாயிற்று. ஒரு போர்க் கைம்பெண்ணின் முறையீடு சட்டம் பிறந்த வேளைக்குக் காரணமாயிற்று. அந்த அம்மையாரைப் பொறுமை காக்கும்படி சொல்லித் திருப்பி அனுப்பவில்லை, நம் தலைவர் (ஸல்) அவர்கள். இன்றோ பங்கு கேட்கும் பெண்ணிடம் ஸப்ரைப் பற்றி உபதேசிப்போர் மலிந்துவிட்டனர். ஸப்ரு அவளுடைய வணக்கம். அதைக் காட்டி அவளுடைய பங்கை விழுங்குவோருக்கு அது எவ்வாறு புகலிடமாகும்?

1971 போருக்குப் பின், 1972இல், மோகினி கிரி அம்மையார் போர்க் கைம்பெண்களுக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். அத்தகைய முயற்சிக்குப் பெரும் நிதி வேண்டும் என்று நம்மவர் சாக்குச் சொல்லக்கூடும். நாம் கேட்பவை செலவில்லாதவை.

ஒவ்வொரு மஹல்லாவிலும், இத்தா முடிவதற்குள், மௌத்தானவரின் மஹர் பாக்கி கடனாகத் தீர்க்கப்பட்டு, சொத்து சாட்சிகளின் முன் பங்கிடப்படட்டும். மகன் தனக்கு முன்னரே இறந்து, வேறு ஆண்மக்கள் உயிரோடிருந்தால், பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டனின் சொத்தில் பங்கில்லை. மூன்றில் ஒரு பங்குக்குள் அவர்களுக்கு வஸிய்யத் எழுதி வைக்க மார்க்கம் இடந்தந்திருக்கிறது. எகிப்து 1946இலேயே அதனைச் சட்டக் கட்டாயமாக்கிற்று. நம் பாட்டன்மார்கள் எத்தனை பேர் எழுதி வைக்கிறார்கள்? ஜமாஅத் ஒரு வஸிய்யத் படிவம் அச்சிட்டு வைத்தால் என்ன? ரமலானில் கைம்பெண்களை வெயிலில் வரிசையாக நிறுத்திச் சேலை கொடுத்துப் படம் பிடிக்கும் வழக்கம் ஒழியட்டும். அந்த ஜகாத் தேவையுள்ளவரின் வீடு தேடி, திங்கள்தோறும், பிறர் அறியாமல் செல்லட்டும்.

அப்துல் ஹமீதின் பெயரைச் சொல்வோரை நாம் தடுக்கவில்லை. அப்பெயரைச் சொல்லும் மூச்சோடு ரசூலன் பீவியின் பெயரையும் சொல்லட்டும். சொன்னபின், தம் மஹல்லாவில் தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய்மார் எத்தனை பேர், அவர்களுள் தம் பங்கைப் பெற்றவர் எத்தனை பேர் என்பதையும் அதே மேடையில் சொல்லட்டும். சொல்ல இயலாதவர்கள் மேடையை விட்டிறங்கி, முதலில் அந்த வீடுகளின் கதவைத் தட்டட்டும்.