‘முடியாது’ன்னு சொல்லவும் ஒரு தேதி வேணும்

செட்டிகுளத்துல எங்க வீட்டு வாசல். சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கிட்டிருந்தோம். பிளஸ் டூ படிக்கிற தங்கச்சி திடீர்னு கேட்டா: "அண்ணா, நீட் வேண்டாம்னு சட்டசபைல சட்டம் போட்டாங்கல்ல? அப்புறம் ஏன் நான் நீட் எழுதணும்?"

"ஜனாதிபதி கையெழுத்துப் போடலை."

"ஏன் போடலை?"

எனக்குப் பதில் தெரியலை. தேடிப் படிச்சப்ப கிடைச்ச பதில் இதுதான்: காரணம் சொல்லணும்னு அவருக்குக் கட்டாயமே இல்லை.

நீட் நல்லதா கெட்டதான்னு இங்க பேசப் போறதில்லை. அதுல நம்ம ஹாஸ்டல் ரூமுக்குள்ளேயே ரெண்டு கட்சி இருக்கு. நான் கேக்குறது வேற.

ஜனாதிபதின்னா சிலர் "ரப்பர் ஸ்டாம்ப்"ங்கிறாங்க, சிலர் "அவர் நினைச்சா எதையும் நிறுத்தலாம்"ங்கிறாங்க. ரெண்டும் பாதி உண்மை. அரசியலமைப்பின் 74வது பிரிவுப்படி அவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்கணும். ஒரு தடவை "மறுபடி யோசிங்க"ன்னு திருப்பி அனுப்பலாம். அவங்க அதையே திரும்பச் சொன்னா ஏத்துக்கணும். நாடாளுமன்ற மசோதாவுக்கும் 111வது பிரிவுல கிட்டத்தட்ட இதே கதைதான். 2006ல் ஆதாயப் பதவி மசோதாவை அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதை மறுபடி நிறைவேற்றி அனுப்பியதும் கையெழுத்துப் போட்டார். அதிகாரமும் இருந்தது, எல்லையும் இருந்தது.

ஆனா மாநில மசோதாவுக்கு இந்த எல்லை கிடையாது. 201வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. ஆளுநர் அனுப்பி வைக்கிற மசோதாவை ஜனாதிபதி ஏற்கலாம், மறுக்கலாம், திருப்பி அனுப்பச் சொல்லலாம். திருப்பி அனுப்பினா சட்டசபை 6 மாசத்துக்குள்ள மறுபரிசீலனை செய்யணும். அதே மசோதாவை மறுபடி நிறைவேற்றி அனுப்பினாலும் அவர் ஒப்புதல் தந்தே ஆகணும்னு இல்லை. ஆக, கடிகாரம் சட்டசபைக்கு மட்டும்தான் ஓடுது. டெல்லியில கடிகாரமே கிடையாது.

இதோட விலை என்னன்னு நம்ம பக்கத்து மாவட்டத்துக்குத் தெரியும். 2017 பிப்ரவரி 1ஆம் தேதி தமிழக சட்டசபை நீட் விலக்கு கேட்டு ரெண்டு மசோதா நிறைவேற்றியது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவுல 1200க்கு 1176 எடுத்தவர். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்ப் போராடினார். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம். அவர் மரணத்துக்கு ஒரே காரணம் இந்தத் தாமதம்னு சொல்ல நான் யாருமில்லை. ஆனா அன்னைக்கும் அந்த மசோதாக்கள் முடிவில்லாம டெல்லியிலதான் கிடந்தன. அதே மாசம் ஒப்புதல் மறுக்கப்பட்டது. அது ஊருக்கெல்லாம் பரவலாத் தெரிஞ்சது 2019 ஜூலையில, சென்னை உயர் நீதிமன்றத்துல மத்திய அரசு சொன்ன பிறகுதான்.

அடுத்த மசோதா 2021 செப்டம்பரில். ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரி 8ஆம் தேதி மறுபடி நிறைவேறியது. நடுவுல மத்திய அமைச்சகங்கள் விளக்கம் கேட்டன, தமிழக அரசு பதில் அனுப்பியது. ஒப்புதல் மறுக்கப்பட்டதுன்னு முதல்வர் சட்டசபையில அறிவிச்சது 2025 ஏப்ரலில். அதுக்குள்ள ஒரு பேட்ச் கிட்டத்தட்ட இஞ்சினியரிங்கே படிச்சு முடிச்சிருச்சு.

2025 ஏப்ரல் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ரெண்டு நீதிபதிகள் ஜனாதிபதிக்கு 3 மாசம்னு கெடு வச்சாங்க. உடனே ஜனாதிபதி 143வது பிரிவுல 14 கேள்வி கேட்டார். நவம்பர் 20ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் கெடு விதிக்க முடியாதுன்னு சொல்லிருச்சு. காரணமில்லாம ரொம்ப நாள் கிடப்பில் போட்டா, "முடிவெடுங்க"ன்னு ஆளுநருக்குச் சொல்லலாம், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். கல்வி பொதுப்பட்டியல்ல இருக்கு. மத்திய சட்டத்தோட மோதுற மாநிலச் சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் வேணும்னு 254வது பிரிவு சொல்லுது. மறுக்கிற உரிமை இருக்கு. இன்னொண்ணும் சொல்வாங்க: கெடு இல்லாததாலதானே 1986 தபால் சட்டத் திருத்த மசோதாவை ஜெயில் சிங் கையெழுத்துப் போடாமலே வச்சு, நம்ம கடிதங்களைக் காப்பாத்தினார்? சரிதான். ஆனா அங்க அவர் தடுத்தது மத்திய அரசையே. இங்க மத்திய அரசின் ஆலோசனைப்படி ஒரு மாநிலம் காத்திருக்குது. ரெண்டும் ஒண்ணில்லை.

சர்வருக்கு ஒரு ரெக்வஸ்ட் அனுப்புறோம். ‘சரி’ன்னு வரலாம், ‘எரர்’னும் வரலாம். எரர் வந்தா திருத்தி அனுப்பலாம். எதுவுமே வராம சுத்திக்கிட்டே இருந்தா என்ன பண்றது? அதுக்குத்தான் டைம் அவுட் வைக்கிறோம். நம்ம மினி புராஜெக்ட்லயே இருக்கிற அந்த ஏற்பாடு 201வது பிரிவுல இல்லை.

நீதிமன்றத்தால முடியாதுன்னா நாடாளுமன்றத்தால முடியும். சர்க்காரியா ஆணையமும் காலக்கெடு வேணும்னு பரிந்துரைச்சதுதான். சட்டசபைக்குக் குடுத்த அதே 6 மாசத்தை ஜனாதிபதிக்கும் குடுங்க. மறுத்தா காரணத்தை எழுத்துல குடுங்க. ஓட்டுக் கேட்டு வர்ற எம்.பி. வேட்பாளர்கிட்ட இந்த ரெண்டையும் கேப்போம். நம்மள்ல பல பேருக்கு முதல் ஓட்டு அது.

தங்கச்சி நீட் அப்ளிகேஷன் போட்டுட்டா. அவ கேட்ட ‘ஏன்’ மட்டும் இன்னும் பாக்கி இருக்கு.