நாகமரம் தளிர்விடும் காலம்



கனடாவில் உறவு இல்லாத வீடு இன்று நம்மிடையே குறைவு. ஐப்பசி பிறந்ததும் ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் மேப்பிள் மரங்களின் படங்கள் கைப்பேசிக்கு வந்துவிடுகின்றன. வீதி முழுக்கச் செந்நிறம். அதைப் பார்த்த ஆசையில்தான் கேட்கிறீர்கள்: இந்த மரத்தை நம் வீட்டு முற்றத்தில் உண்டாக்க முடியாதா? பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, தெல்தெனிய என்று பல பக்கமிருந்தும் இந்தக் கேள்வி வருவதால், இந்த மாதம் என் பக்கத்தை அதற்கே தருகிறேன்.

முளைக்க வைக்கலாம், மரமாக்க முடியாது. பெரும்பாலான மேப்பிள் விதைகள் ஒரு பனிக்காலத்தைத் தாண்டினால்தான் முளைக்கும். அதனால் சிறகுள்ள அந்த விதைகளை ஒரு நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஈரமணலோடு பொலித்தீன் பையில் போட்டு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று நான்கு மாதம் வைக்கிறார்கள். பிறகு சட்டியில் போட்டால் முளை வரும். சிக்கல் அதற்கப்பால்தான். ஆண்டுதோறும் இலையை உதிர்த்துவிட்டுக் குளிரில் சில மாதம் உறங்கினால்தான் அந்த மரம் தேறும். ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், ஆண்டு முழுவதும் 24, 25 பாகைச் சூட்டோடு இருக்கும் கண்டியில் அந்த உறக்கம் கிடைக்காது. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவிலும் தை மாத உறைபனி சில காலைப்பொழுதுகளோடு கரைந்துவிடுகிறது.

ஊருக்கு வரும் உறவினரின் பைக்குள் விதை போட்டு வரச் சொல்லவும் வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கத்தான் இருக்கிறது. செடியோடும் விதையோடும் என்ன வரும் என்று நம் மலைநாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1869இல் இங்கே கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணம், இருபதாண்டுக்குள் கோப்பித் தோட்டங்களைத் துடைத்தெடுத்துவிட்டது. நோய் இல்லாமல் வந்த மரங்களும் தொல்லை தந்திருக்கின்றன. 1938இல் சரணாலயமாக்கப்பட்ட உடவத்தக்கெலே காட்டுக்குள் நடந்து பாருங்கள். தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பால்சம் மரம், சிங்களத்தில் கட்டகுமஞ்சல் என்பது, பல இடங்களில் நாட்டு மரக் கன்றுகளுக்கு வெளிச்சமே விடாமல் அடர்ந்து நிற்கிறது. அதன் விதைக்கும் சிறகு உண்டு. காற்று பார்த்துக்கொள்கிறது.

செவ்விலைதானே வேண்டும்? அது நம்மிடம் இருக்கிறது. நாகமரம் தளிர்விடும் நாட்களில் அதன் கீழே நின்று மேலே பாருங்கள் என்று எல்லோரையும் கையைப் பிடித்து அழைத்துப்போகத் தோன்றுகிறது எனக்கு. கிளை நுனியெல்லாம் இரத்தச் சிவப்பு. சில நாளில் இளஞ்சிவப்பு, பிறகு மஞ்சள் கலந்த வெளிர்பச்சை, கடைசியில் மேலே கரும்பச்சையும் அடியில் வெண்பூச்சுமாக முற்றிய இலை. மேப்பிளில் சிவப்பது உதிரப்போகும் இலை. பச்சையம் சிதைந்துபோகும் வேளையில் அந்தோசயனின் என்ற நிறமி சேர்வதால் வரும் நிறம் அது. நாகத்தில் சிவப்பது இப்போதுதான் பிறந்த இலை. பச்சையம் நிறையச் சேருமுன் அதே வகை நிறமி தளிரை மூடிக்கொள்கிறது. கடும் வெயிலிலிருந்தும் இலை தின்னும் பூச்சியிலிருந்தும் தளிரைக் காக்க இது உதவுகிறது என்று தாவரவியலாளர் விளக்குகிறார்கள்.

1986இல் இலங்கையின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது இதுதான். வரப்போகும் மைத்திரேய புத்தர் நாகமரத்தடியில் ஞானம் பெறுவார் என்பது பௌத்தரின் நம்பிக்கை. அதனால் பழைய விகாரை வளவுகளில் பெரிய மரங்களைக் காணலாம். நாட்டுமருந்துக் கடையில் சிறுநாகப்பூ என்று பொட்டலம் கட்டித் தருவதும் இதன் பூவைத்தான்: நான்கு வெள்ளிதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் குஞ்சம், தூரத்திலேயே மணம்.

வீட்டில் உண்டாக்க விதைதான் வழி. வெட்டுத்துண்டு எளிதில் வேர்விடாது. பூ முடிந்து காய் முற்றி வெடித்ததும் கபில நிறத்தில் கடினமான விதைகள் மரத்தடியில் விழும். எண்ணெய் நிறைந்த விதை என்பதால் நாள்பட வைத்தால் கெட்டுவிடும். பொறுக்கிய கையோடு போட்டுவிட வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்கும், ஆகவே உயரமான பொலித்தீன் பை. மண்ணோடு மணலும் மக்கிய இலையும் கலந்து, விதை மறையுமளவு மட்டும் புதைத்து, நிழலில் வைத்து ஈரம் காக்க வேண்டும். முளைத்த பிறகு அவசரப்படக் கூடாது. நாகம் மெதுவாகத்தான் வளரும். முதல் ஆண்டுகளில் நிழலை விரும்பும். ஒன்றை மறக்க வேண்டாம்: பிற்காலத்தில் 30 மீற்றர் வரை உயரக்கூடிய மரம் இது. வீட்டில் நட இடமில்லாதவர்கள் கோவில் வளவிலோ பாடசாலைக் காணியிலோ கேட்டு நடலாம்.

கன்று உண்டாக்கும் கலையைப் பற்றி யாரோ வந்து நமக்குப் பாடம் எடுக்க வேண்டுமென்று சிலர் நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. தேயிலைத் தோட்டத்துத் தவறணையில் வேலை செய்த ஒரு அம்மாவைக் கேளுங்கள். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டக்காரர் பயிரிட்டது விதைத் தேயிலை. விதையில் வந்த செடி ஒன்றுபோல் ஒன்று இராது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் நல்ல தாய்ச்செடிகளைத் தெரிந்தெடுத்து, வெட்டுத்துண்டு மூலம் பெருக்கும் முறையைப் பரப்பியது. வி.பி. தேயிலை என்று நாம் சொல்வது அதைத்தான். 2025 என்ற இலக்கம் வருடம் அல்ல, ஒரு தேயிலை இனம் என்று எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். கவ்வாத்துக்குப் பிறகு வளர்ந்த கிளையில் இளநுனியையும் முற்றிய அடியையும் விட்டு நடுப்பகுதியை எடுத்து, ஒரு இலை, ஒரு கண், அதன்கீழ் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய தண்டு என்று நறுக்கிப் பையில் ஊன்றி, நிழல் பந்தலின் கீழ் ஓராண்டளவு காத்து வளர்த்த கைகள் அந்த அம்மாவுடையவை. ஜப்பானிய மேப்பிளின் பெயர்பெற்ற இனங்களை விதையால் அப்படியே பெற முடியாமல் ஒட்டுக்கட்டிப் பெருக்குவதற்கும் காரணம் இதேதான்.

நாகத்துக்கு இடமில்லாத சிறு முற்றத்துக்குக் குரோட்டன் இருக்கிறது, வெட்சி இருக்கிறது, செவ்வரத்தை இருக்கிறது. குரோட்டனுக்கும் வெட்சிக்கும் பதியம் வைத்துப் பாருங்கள். பென்சில் தடிப்புள்ள கிளையில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, வழுவழுப்பு நீங்கச் சுரண்டி, பிழிந்த தும்புத்தூளை வைத்துத் தெளிவான பொலித்தீனால் சுற்றி இருபுறமும் கட்டுங்கள். இலையிலிருந்து பட்டை வழியே இறங்கும் சத்தும் வளர்ச்சிச் சுரப்பும் அந்த வெட்டில் தேங்கி வேராகும். இரண்டு மாதமளவில் வெள்ளை வேர் வெளியே தெரியும். அதன்கீழே வெட்டிச் சட்டியில் நடலாம். பேராதனைப் பூங்காவில் பூத்து நிற்கும் பர்மா நாட்டு அம்ஹர்ஸ்டியா மரமும் விதை அரிதாகவே பிடிப்பதால் பெரும்பாலும் பதியத்தால் பெருக்கப்படுவதுதான்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். நாகமரம் பூக்கும் மாதமும் விதை விழும் மாதமும் மாத்தளையில் ஒன்றாகவும் ஹந்தானையில் வேறாகவும் இருக்கலாம். உங்கள் ஊர் மரம் எப்போது தளிர்விட்டது, விதை எப்போது விழுந்தது, போட்டதில் எத்தனை முளைத்தது என்று ஒரு அஞ்சலட்டையிலாவது எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயரைத் தவறாமல் குறிப்பிடுங்கள். வந்த விவரங்களை ஊர்வாரியாகத் தொகுத்து, அடுத்த ஐப்பசி மழைக்கு முன் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்