பெயர்ப்பலகைக்குக் கட்டும் கப்பம்

குளிரூட்டப்பட்ட அறை, சுழலும் நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, வாசலில் ஒரு பிரபலமான பெயர். பணத்தைக் கட்டினால் போதும், கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாதவரும் சிகையலங்கார நிலையத்துக்கு முதலாளியாகலாம் என்கிறார்கள் கிளை உரிமம், அதாவது பிரான்சைஸ் விற்பவர்கள். தெல்தெனிய போன்ற சிறுநகரங்களில் ஊழியர் சேமலாப நிதியைப் பெற்றவரும், மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பிய பெண்ணும் இந்தப் பேச்சுக்கு மயங்கக் கூடாது என்பதே என் வாதம்.

இம்முறை தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. கனடாவில் பிறந்து, சிறு வயது முதல் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்த மார்த்தா மட்டில்டா ஹார்ப்பர், 1888இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் தமது கூந்தல் பராமரிப்பு நிலையத்தைத் திறந்தார். 1891 முதல் தம் பெயரில் கிளை நடத்தும் உரிமையையும் வழங்கினார். யாருக்கு? தம்மைப் போன்ற உழைக்கும் பெண்களுக்கு. முதலில் தொழிலைக் கற்பித்தார். பிறகே கடையைக் கொடுத்தார். இன்றோ முதலில் கேட்கப்படுவது பணம்.

கணக்கைப் பார்ப்போம். நுழைவுக் கட்டணம், கடை அலங்காரம், உபகரணங்கள் யாவும் வாங்குபவர் செலவு. அதன்பின் மாதந்தோறும் உரிமப் பங்கு. இது பெரும்பாலும் இலாபத்தில் அன்று, வரவில் அறவிடப்படுவது. மாத வரவு 5 இலட்சம் ரூபாய், பங்கு 10 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகையும் சம்பளமும் மின்கட்டணமும் அந்த 5 இலட்சத்தை விழுங்கிவிட்ட மாதத்திலும் 50,000 ரூபாய் கட்டியே ஆகவேண்டும். நட்டம் கடைக்காரருக்கு மட்டுமே.

நட்டம் வராது என்பீர்களா? 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் வன்செயல் மூண்டு கடைகள் எரிந்தன. 2020 மார்ச்சில் கொவிட் ஊரடங்கு வந்தது. 2022இல் 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தொட்டது. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணிநேரமாயிற்று. ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று அடிகள். இத்தகைய மண்ணில் அடி விழும்போது வாடகைக்காரருக்கும் வங்கிக்கும் பதில் சொல்ல நிற்பவர் கிளையை வாங்கியவரே.

இம்முறையால் உயர்ந்தவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2000இல் சென்னையில் தொடங்கிய நேச்சுரல்ஸ் நிறுவனம் பல பெண்களைக் கடை முதலாளிகளாக்கியதை மறுப்பதற்கில்லை. ஆனால் சென்னையின் சனத்தொகை வேறு, தெல்தெனியவின் சனத்தொகை வேறு. சிறுநகரத்தில் வாடிக்கையாளர் பலகையைத் தேடி வருவதில்லை; பழகிய கையைத் தேடி வருகிறார். அந்தக் கைக்குரியவர் நாளை எதிர்த்தெருவில் சொந்தக் கடை திறந்தால் வாடிக்கையாளரும் அவர் பின்னே போவார். உங்களிடம் எஞ்சுவது பலகையும் கடனும்தான்.

அமெரிக்காவில், ஒப்பமிடுவதற்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னரே கட்டணம், வழக்குகள், மூடப்பட்ட கிளைகள் பற்றிய விபரங்களை எழுத்தில் தரவேண்டும் என்பது விதி. நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. வேண்டும் என்று நமது மக்கள் பிரதிநிதிகள் எப்போது கேட்கப்போகிறார்கள்?

அதுவரை என் யோசனை ஒன்றே. தொழிற்பயிற்சி அதிகாரசபையில் சிகையலங்காரப் பயிற்சி உண்டு. உங்கள் மகளை அங்கே அனுப்புங்கள். பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மூழ்கிப்போனதைக் கண்டவர்கள் நாம். கட்டடமும் பலகையும் மூழ்கும். கற்ற தொழில் மூழ்காது. அதற்கு யாருக்கும் கப்பம் கட்டவும் தேவையில்லை.