சவுக்குக் கன்றின் வேரைக் காட்டு! பிறகு காசைக் கேள்!



சவுக்குக்கு யூரியா போடுங்கள் என்று கன்று விற்கிறவனே சீட்டு எழுதித் தருகிறான். கடைக்குப் போனா யூரியா மட்டும் கிடையாதாம், கூடவே காம்ப்ளக்ஸ் மூட்டையும் எடுக்கணுமாம்! 266 ரூபாய் 50 காசு மூட்டைக்காக ஆயிரத்துக்கு மேல் அழுதுவிட்டு வருகிறோம். நம்ம தாத்தா காலத்தில் சவுக்குக்கு யூரியா போட்டது யாரு? கடலோர வெறும் மணலில் அது எப்படி வளர்ந்தது?

மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினால் வேரில் கடுகு கடுகாய் முடிச்சு இருக்கும். அது ரைசோபியம் பாக்டீரியாவின் வீடு. சவுக்கு வேரிலும் முடிச்சு உண்டு. ஆனால் உருண்டையாக இருக்காது, பவளம் மாதிரி கிளைத்துக் கொத்தாக இருக்கும். அதில் குடியிருப்பது பிரான்கியா என்ற வேறு பாக்டீரியா. காற்றில் 100க்கு 78 பங்கு தழைச்சத்துதானே? அதைப் பிடித்து மரத்துக்கு உணவாக்குவது இதுதான். கூலியாக மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. செனகல் நாட்டுக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்பை ஆராய்ந்தபோது எக்டேருக்கு ஆண்டுக்கு 58 கிலோ தழைச்சத்து கிடைத்தது. நம்ம கணக்கில் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவுக்கும் கொஞ்சம் மேலே!

முன்பெல்லாம் நாற்றங்காலில் பழைய சவுக்குத் தோப்பு மண்ணைக் கலப்பார்கள். பிரான்கியா தானாக வந்து சேரும். இப்போது வருவது குளோன் கன்று. குளோனை நாம் குறை சொல்லவில்லை, மரம் நேராக வளருது, ஒத்துக்கிறோம். ஆனால் வெறும் தென்னை நார்க்கழிவில் வேர்விட்ட கன்றுக்குப் பிரான்கியா எங்கேயிருந்து வரும்? ஏற்கெனவே சவுக்கு இருந்த நிலமானால் மண்ணிலிருந்து பிடித்துக்கொள்ளும். நெல்லும் கரும்பும் விளைந்த நிலத்தில் முதன்முறை நடுகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். அதற்குமேல் யூரியாவைக் கொட்டினால் வர்ற முடிச்சும் வராது. பிறகு காலம் முழுக்க மூட்டைதான்.

எங்க பக்கத்து விரிவாக்க மையத்தில் கேட்டா ரைசோபியம் பொட்டலத்தை நீட்டுகிறார்கள். ரைசோபியம் சவுக்கு வேரில் முடிச்சு போடாதய்யா! கோவையில் மத்திய அரசின் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் பிரான்கியாவை உயிர் உரமாகவே தயாரித்திருக்கிறது. கோவையில் இருக்கிற சரக்கு நம்ம ஊருக்கு வர என்ன தடை?

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். நல்ல தோப்பில் வேரோரம் மண்ணைத் தள்ளி, புது முடிச்சைக் கிள்ளி, கழுவி, அம்மியில் அரைத்துத் தண்ணீரில் கரைத்துக் கன்றின் வேரில் ஊற்றுங்கள். வாடல் நோய் கண்ட தோப்புப் பக்கம் மட்டும் போகாதீர்கள், நோயும் சேர்ந்து வந்துவிடும்.

நாம் கேட்பது இதுதான்: முடிச்சுப் பிடிக்காத சவுக்குக் கன்றை விற்கத் தடை போடு! ஒவ்வொரு விரிவாக்க மையத்திலும் பிரான்கியா வை! யூரியாவோடு வேறு மூட்டையைக் கட்டி விற்கிற கடைமேல் நடவடிக்கை எடு!

வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு கன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு வாருங்கள். ஆட்சியர் மேசையில் வைத்து, முடிச்சு எங்கே என்று கேட்போம்!